படம் பிடிப்பவரைப் பிடிப்பது எப்படி?

தெருவில் படம் எடுக்கக் கிளம்புகிறவருக்கு முதல் யோசனை: கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செல்போனில் ஒரு நாளைக்கு நானூறு படம் எடுத்தாலும் பூக்காரம்மாவிலிருந்து போக்குவரத்துக் காவலர்வரை யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை. கழுத்தில் ஒரு பட்டையும் அதன் நுனியில் கறுப்பாக ஒரு லென்ஸும் தொங்கினால்தான் வம்பு. லென்ஸ் நீள நீள, நீங்கள் தீட்டிக்கொண்டிருக்கும் சதியும் நீளும். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் பார்த்தால் "எந்தப் பத்திரிகை?" என்பார்கள். எழுபது-இருநூறைப் பார்த்தால் "எந்த ஊரு?" என்பார்கள். முக்காலியை விரித்துவிட்டால் கேள்வியே கிடையாது. நேராக "கிளம்பு, கிளம்பு" தான்.

முக்காலி விஷயத்தில் அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும் என்று விதியே இருக்கிறது. விதி இருக்கும் இடத்தில் விதியைக் காட்டுகிறார்கள், சண்டை இல்லை. விதி இல்லாத இடங்களில்தான் நமக்குக் கற்பனை வளம் மிக்க அதிகாரிகள் வாய்க்கிறார்கள். நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவில் காவலாளி ஒருவர் என் கேமராவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "போன்ல எடுத்துக்கோங்க சார். கேமரால எடுக்கக் கூடாது." ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கேமரான்னா படம் நல்லா வந்துடும் சார்." இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் இதுதான் நேர்மையானது.

கேமராவோடுதான் போவேன் என்று அடம்பிடிப்பவர்கள் தோற்றத்தில் கவனம் வைக்க வேண்டும். தாடியும் கதர் ஜிப்பாவும் சேர்ந்தால் போராட்டக்காரர். பத்துப் பை வைத்த அரைக்கை ஜாக்கெட் போட்டால் யூடியூபர். இன்றைய நிலவரப்படி இரண்டாவதுதான் பெரிய குற்றம். சட்டையை உள்ளே விட்டு, நெற்றியில் கொஞ்சம் விபூதி பூசிக்கொண்டால் கல்யாண போட்டோகிராபர் என்று விட்டுவிடுவார்கள். வண்டியில் "பிரஸ்" என்று ஒட்டிக்கொண்டு தப்பிக்கும் பழைய வழி அடைபட்டுவிட்டது. அப்படித் துறைப் பெயர் ஒட்டிய தனியார் வண்டிகள்மேல் நடவடிக்கை என்று 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கிளம்பியது. அந்தப் பட்டியலில் "போலீஸ்" ஸ்டிக்கரும் இருந்தது என்பது ஓர் ஆறுதல்.

அடுத்து, பிடிபட்டால் பேசுவது எப்படி என்ற பாடம். எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு என்னையே உதாரணமாக வைக்கலாம்.

வடசென்னையில் ஒரு மீன் சந்தை. ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தேகால் மணி. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியை எடுத்தேன். பாட்டி பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். அவருக்குப் பின்னால் மங்கலாக ஒரு காக்கி விழுந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. காக்கிக்குத் தெரிந்துவிட்டது.

"யாருப்பா நீ? எதுக்கு எடுக்கற?"

"சும்மாதான் சார். ஒரு ஆசைக்கு."

இங்கேதான் சறுக்கினேன். தமிழில் "சும்மா"வைவிடச் சந்தேகத்துக்குரிய சொல் வேறு இல்லை. காசுக்கு எடுக்கிறேன் என்றால் யாருக்கும் புரியும். விடியுமுன் எழுந்து, முதல் பஸ் பிடித்து, மீன்தண்ணீரில் கால் நனைய நின்று, ஒரு பைசா வரும்படி இல்லாமல் ஒருவன் யாரோ ஒரு பாட்டியைப் படம் எடுக்கிறான் என்றால் பொறுப்புள்ள எந்தக் காவலருக்கும் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

"பர்மிஷன் இருக்கா?"

"ரோட்டுல எடுக்கறதுக்கு எதுக்கு சார் பர்மிஷன்?"

இது இரண்டாவது சறுக்கல். கேள்வி கேட்பது ஒரு தரப்புக்கு மட்டுமே உரியது.

"ஓ, சட்டம் பேசறியா? கேமராவைக் குடு. ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்க."

ஆறு மணியிலிருந்து பதினொன்றுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் என் கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பாட்டி படத்தில் நின்றார். "இது நல்லாருக்கே." பிறகு அதைத்தான் அழிக்கச் சொன்னார், பின்னால் ஆள் தெரிகிறதாம். அழித்தேன். அவர் சொன்னார்: "அடுத்த மாசம் பொண்ணுக்குக் காதுகுத்து. எவ்ளோ வாங்குவே?" ஒரு தொகை சொன்னேன். அந்த நிமிடத்தில் அறையின் இறுக்கமே தளர்ந்துவிட்டது. "அப்ப தொழில்தான் பண்றேன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே யாராவது கேட்டால் "சும்மா" என்று சொல்லாதீர்கள். காதுகுத்து என்று சொல்லுங்கள்.

சட்டப்படி நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று ஒரு வக்கீல் நண்பர் பிற்பாடு விளக்கினார். பொது இடத்தில் நின்று கண்ணில் படுவதை எடுக்கக் கூடாது என்று பொதுவாகத் தடுக்கும் சட்டம் நாட்டில் கிடையாது. பணியில் இருக்கும் காவலரை எடுக்கக் கூடாது என்றும் கிடையாது. ராணுவ இடங்கள் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது, எதிரி நாட்டு ஒற்றர்களுக்காக வெள்ளைக்காரன் போட்டது. அதை உள்ளூர்க்காரன்மேல் பாய்ச்சிப் பார்த்ததும் உண்டு. மகாராஷ்டிரத்தின் வார்தாவில் 2018-இல் காவல் நிலையத்துக்குள் நடந்த பேச்சை வீடியோ எடுத்த ஒருவர்மேல் அந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். தடைசெய்யப்பட்ட இடங்களுக்கான விளக்கத்துக்குள் காவல் நிலையம் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2022-இல் அந்த வழக்கை ரத்து செய்தது. ஒரு செல்போன் வீடியோ ராணுவ ரகசியம் அல்ல என்று நிரூபிக்க நாலு வருடம்.

கேமராவைப் பறிமுதல் செய்யக் காவலருக்கு அதிகாரம் இருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு. ஆனால் குற்றத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்க முகாந்திரம் வேண்டும், மகஜர் போட வேண்டும், மேலே தகவல் சொல்ல வேண்டும். "டெலீட் பண்ணு" என்று சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. படம் குற்றத்துக்குச் சாட்சி என்றால் அழிப்பதே குற்றம். சாட்சி இல்லை என்றால் பிடுங்குவதற்குக் காரணம் இல்லை. இவ்வளவையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். குறிப்பாக, "என்ன செக்‌ஷன் சார்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் தருவார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் பணியைத் தடுத்ததற்கு 221. கை பட்டுவிட்டது என்றால் 132, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 353. ஆபாசமாகப் பேசியதற்கு 296. மிரட்டியதற்கு 351. சட்டப் புத்தகத்தின் பெயர் 2024 ஜூலை முதல் இந்திக்கு மாறியது, எண்களும் மாறின. தெருவோரத்தில் வழக்கு முளைக்கும் வேகம் மாறவில்லை.

இதுவரை படம் பிடிப்பவருக்கு. தலைப்பில் சொன்னபடி, அவரைப் பிடிப்பவருக்கும் சில யோசனைகள் உண்டு.

ஏட்டையா, முதலில் உங்கள் உள்ளங்கையைப் பற்றி. கேமராவைக் கண்டதும் லென்ஸை நோக்கி நீட்டுகிறீர்களே, அந்தக் கை. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் அழகுக்காகச் சொல்கிறேன். லென்ஸுக்குப் பக்கத்தில் வருகிற கை முகத்தைவிட நாலு மடங்கு பெரிதாக விழும். மேலும், அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் நீங்கள் "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வண்டி வருது" என்று தன்மையாகச் சொன்னதெல்லாம் அதே வீடியோவில் இருக்கலாம். அதை யாரும் சீண்டமாட்டார்கள். வெட்டிச் சுற்றுக்கு விடப்போவது கடைசி ஒன்பது விநாடியைத்தான்: ஒரு பெரிய கை, ஒரு "ஏய்", பிறகு இருட்டு. அந்த இருட்டில் என்ன நடந்தது என்று ஊர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த நாள் உங்கள் மேலதிகாரி மைக் முன்னால் நின்று, அரைகுறை வீடியோவைப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். அதை அரையாக்கியது யார் கை?

காவல்துறைக்குக் கேமரா பிடிக்காது என்று சொல்வது அபாண்டம் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பிடித்த மாதிரி வேறு யாருக்கும் பிடிக்காது. மேஜைமேல் நகைகளை வரிசையாகப் பரப்பி, பின்னால் பதினாலு பேர் பதவி வாரியாக நிற்கும் படத்தை எந்த நாளிதழிலும் பார்க்கலாம். கஞ்சாப் பொட்டலத்தோடு எடுத்த படம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் தமிழ்நாடு உலகுக்கு அளித்த புகைப்பட வகை ஒன்று இருக்கிறது: மாவுக்கட்டு. கைதானவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலது கையிலோ காலிலோ வெள்ளை வெளேரென்று கட்டோடு படுத்திருப்பார், குனிந்த தலை, மேலே ஒரு மின்விசிறி. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் அல்லது பாலத்திலிருந்து குதித்தார் என்று ஒரு வரி. இந்தப் படத்துக்குப் பர்மிஷன் கேட்டு யாரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. காவல் நிலையக் கழிப்பறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்குவார்களா, அதிகாரிகள் வழுக்குவதில்லையா என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டுக் கைதட்டுகிற நம்மிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மாவுக்கட்டுப் படம் அங்கே எடுக்கப்படுவது இங்கே கைதட்டல் கிடைப்பதால்தான்.

தாங்களே எடுக்கும் படங்களை என்ன செய்வது என்பதற்கும் ஒரு செய்முறை வேண்டும். எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், வரவேற்பு, வராந்தா, லாக்கப் என்று ஓரிடம் விடாமல் ஒலியோடு பதிவாகும், இருட்டிலும் தெரியும் சிசிடிவி வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவு போட்டது. அதே வருடம் ஜூனில்தான் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்று தந்தையையும் மகனையும் கூட்டிப்போனார்கள், இருவரும் இறந்தார்கள். தரையில் உருண்டு புரண்டதில் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. அங்கிருந்த ஒரு சிசிடிவியில் யாரும் உருளவில்லை, தந்தை பாட்டுக்கு நடந்து போகிறார். சரி, ஸ்டேஷன் கேமரா என்ன சொல்கிறது? விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது, வட்டில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு ஒரு பாட்டி படத்தை அழிக்கவே அரை மணி நேரம் உபதேசம் தேவைப்பட்டது. அங்கே எந்திரமே அந்த வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறது.

இப்போது சட்டம் இன்னொரு வேடிக்கை செய்திருக்கிறது. 2024 ஜூலை முதல், ஓர் இடத்தைச் சோதனை போடும்போதும் பொருளைக் கைப்பற்றும்போதும் காவலர்கள் அதை ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. எதில் பதிவு செய்யலாம்? முடிந்தவரை செல்போனில் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே என் கேமராவைச் சட்டப்படி கைப்பற்ற வேண்டுமானால், அதைக் கைப்பற்றுவதை அவர் வீடியோ எடுக்க வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியை மூன்றாவதாக ஒருவர் எடுத்தால் நன்றாக இருக்கும்.

படக்கலை வகுப்பில் ஒளி, கோணம், சட்டகம் என்று சொல்லித்தருவார்கள். இந்த மாநிலத்தில் அண்மையில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான படம் ஒரு கழிப்பறை ஜன்னல் வழியாக எடுக்கப்பட்டது. 2025 ஜூன். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞரை, நகை காணோம் என்று வந்த ஒரு புகாரில் தனிப்படை கொண்டுபோய் வைத்து அடித்தது. அவர் இறந்தார். உடலில் 44 காயங்கள். கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் அவரை அடிப்பதைத்தான் ஒருவர் ஜன்னல் வழியே செல்போனில் பிடித்தார். சில விநாடிகள்தான், கோணமும் இல்லை ஒளியும் இல்லை. அந்த விநாடிகள் இல்லாமலிருந்தால் நமக்கு என்ன கதை வந்து சேர்ந்திருக்கும் என்பதை மாவுக்கட்டுப் பட வரிகளைப் படித்துப் பழகியவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எடுத்தவர் பிறகு தன் உயிருக்குப் பாதுகாப்பு கேட்க வேண்டிவந்தது. இந்தப் பத்தியில் வைக்க எனக்குக் கிண்டல் எதுவும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2020 மே மாதம் போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை, ஒருவர் கைதின்போது உடல்நலக் கோளாறால் இறந்தார் என்கிற தொனியில்தான் இருந்தது. தெருவில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது நிமிடத்துக்கு மேல் கையை இறக்காமல் எடுத்துக்கொண்டே இருந்ததால் இறந்தவரின் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால் இருந்தது தெரிந்தது. அடுத்த வருடம் அவளுக்குப் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு அளித்தது. அந்த வீடியோவின் கலை நுணுக்கம் ஒன்றே ஒன்றுதான், அவள் நிறுத்தவில்லை. எடுப்பவர்களுக்கு இந்தக் கையேட்டில் கிண்டல் கலக்காத யோசனை இது மட்டும்: தள்ளி நின்று, குறுக்கே போகாமல், நிறுத்தாமல் எடுங்கள். வெட்டாமல் வையுங்கள்.

வெட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் நீதிபதிகள். உங்களையும் என்னையும் சொல்கிறேன்.

செல்போனில் தீர்ப்பு எழுதக் கற்பது சுலபம். வீடியோ பதினைந்து விநாடி என்றால் ஆறு விநாடி பார்த்தால் போதும். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், பேச்சு காதில் விழுந்தால் மனம் குழம்பும். பின்னால் கடைப்பலகையில் தெலுங்கு தெரிந்தாலும், வண்டி எண் கர்நாடகத்தில் தொடங்கினாலும் கண்டுகொள்ளாதீர்கள், லத்தி எங்கே இருந்தாலும் லத்திதான். தேதி கேட்பவனை உடனே அந்தக் குழுவிலிருந்து நீக்குங்கள். நீதிமன்றத்தில் இரண்டு அமர்வுகள் உண்டு, உங்கள் குணத்துக்கு ஏற்றதில் சேர்ந்துகொள்ளலாம். முதல் அமர்வின் தீர்ப்பு எப்போதும் "போலீஸ்னாலே இப்படித்தான்". இரண்டாவது அமர்வின் தீர்ப்பு எப்போதும் "சும்மாவா அடிப்பாங்க? ஏதாவது பண்ணியிருப்பான்." மறுபடியும் பாருங்கள், அதே "சும்மா". அடி வாங்குபவனும் சும்மா வாங்க முடியாது, படம் எடுப்பவனும் சும்மா எடுக்க முடியாது.

தீர்ப்போடு நின்றால் பரவாயில்லை. 2018 மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் ஒரு கிராமம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. 65 வயது அம்மாள் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே படங்கள் வந்திருந்தன. ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். அடித்ததையும் செல்போனில் எடுத்தார்கள். பிறகு அந்த வீடியோவை வைத்தே ஆட்களைத் தேடிப் போலீஸ் போனது. இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்குமேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது அந்த ஜூலையில். பொறுமையாக இருந்தால் ஐந்தைந்து பேராக எல்லோருக்கும் அனுப்பலாம்.

போலீஸ் உண்மையைச் சொல்கிற நாட்களும் உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. பீகார் சட்டமன்றம் வரைக்கும் போனது. ஒரு வீடியோ வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோயம்புத்தூர் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் தானே கேமரா முன் வந்து சொன்னார். அது உண்மை. ஆனாலும் பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டியிருந்தது, பரப்பிய யூடியூபர்மேல் வழக்கு, கைது என்று நீண்டது. தொழிலாளர்கள் பயந்து ரயில் ஏறியது தனிக்கதை. காவல்துறையின் சொல்லை நம்ப ஆள் தேவைப்பட்ட அந்த வாரத்தில், பாத்ரூமில் வழுக்கிய கதைகள் எவ்வளவு கடனை ஏற்றி வைத்திருக்கின்றன என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கலாம்.

இந்த இடத்தில் கையேடு எழுதுபவனின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாலை, ஒரு பூ மார்க்கெட். மழை விட்டும் விடாமலும் இருந்தது. நான் ஒரு படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே கட்டமைப்பு சரியாக அமைந்த நாலைந்தில் அது ஒன்று. இடது பக்கம் ஒரு காவலர், லத்தி தலைக்குமேல் ஓங்கியிருக்கிறது, பல்லைக் கடித்திருக்கிறார். வலது பக்கம் பூக்கார அம்மாள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிகிறார். நடுவில் சாமந்தி கொட்டிக் கிடக்கிறது. மேலே ஒரு நீலம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஃபேஸ்புக்கில் போட்டேன். தலைப்பு வைக்க ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை: "பூவுக்கும் லத்தி."

ராத்திரி பத்து மணிக்குள் ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். கவிதைகள் வந்தன. அந்தக் காவலரின் தோள்பட்டையில் என்ன எண் என்று பெரிதாக்கிப் பார்க்க ஒரு கூட்டம் வேலை செய்தது. சாதி என்னவாக இருக்கும் என்று இன்னொரு கூட்டம். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மேலே இருந்த நீலம் ஒரு தார்ப்பாய். நாள் முழுக்கப் பெய்த மழையில் தண்ணீர் கோத்துக்கொண்டு பானை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கடைமேல் அறுந்து விழுமுன் அந்த அம்மாள்தான் காவலரைக் கூப்பிட்டார். அவர் லத்தியால் கீழிருந்து குத்தித் தண்ணீரைத் தள்ளிவிட்டார். பாரம் தூக்கிக் குத்தினால் யாரும் பல்லைக் கடிப்பார்கள். தலையில் கொட்டும் என்று அம்மாள் கையால் மூடிக்கொண்டார். இது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மூன்று படங்கள் என் கேமராவிலேயே இருந்தன. வரிசையில் மூன்றாவதில் தண்ணீர் காவலர்மேல் கொட்டுகிறது. நாலாவதில் இருவரும் சிரிக்கிறார்கள். அன்று இரவு நான் அவற்றைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அவற்றில் கட்டமைப்பு சரியாக இல்லை.

மறுநாள் மதியம்தான் உறுத்தியது, அதுவும் அந்தக் காவலரின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் எழுதிய பிறகு. பதிவை நீக்கினேன். நாலு படத்தையும் வரிசையாகப் போட்டு, நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதினோரு லைக் வந்தது. ஒருவர் "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டிருந்தார். எனக்கு அந்த ரைட்டர் வீட்டுக் காதுகுத்து நினைவுக்கு வந்தது.

முதல் படத்தை அதற்குள் வேறு யார் யாரோ சேமித்துவிட்டார்கள். மார்க்கெட்டின் பெயர் மாறி, ஊர் மாறி, ஒருமுறை கட்சியும் மாறி அது வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது, "இன்று காலை நடந்த கொடூரம், அனைவருக்கும் பகிரவும்" என்று. அனுப்பியவர் என் மைத்துனர்.